மாதா வந்த அன்று பொரிந்த முட்டைகள்

மீன் என்றால் எங்கள் வீட்டில் குழம்பு. வெள்ளிக்கிழமை வஞ்சிரம், தவக்காலத்தில் சங்கரா, மற்ற நாளில் நெத்திலி. மீனுக்கு இதைத் தவிர வேறு பிழைப்பு உண்டு என்று நானோ அம்மாவோ நினைத்ததே இல்லை. அதனால் தம்பி ஒருநாள் தி.நகரிலிருந்து ஆட்டோவில் மூன்றடிக் கண்ணாடித் தொட்டியோடு வந்து இறங்கியபோது அம்மா வாசலிலேயே கேட்டாள்: "இவ்ளோ பெரிய தொட்டியா? எவ்ளோ பெரிய மீனுடா வாங்கினே?"

அவன் ஒரு பாலிதீன் கவரைத் தூக்கிக் காட்டினான். தண்ணீருக்குள் இரண்டு மீன்கள், என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. கறுத்த உடம்பில் இரண்டு வெள்ளைப் பட்டை, வால் மட்டும் மஞ்சள். ராமேஸ்வரம் பக்கத்துக் கடலில் பிடித்து ரயிலில் வந்தவையாம். கோமாளி மீன் என்று பேராம்.

"குழம்புக்கு ஆகாது" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டாள்.

அப்போது ஊருக்கு மெட்ராஸ் என்றுதான் பேர். மந்தைவெளியில் ஒரு பழைய வீட்டின் கீழ்ப் போர்ஷனில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம்: அம்மா, நான், தம்பி. அப்பா இறந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. நான் சாந்தோமில் ஒரு பெண்கள் பள்ளியில் பூகோள டீச்சர். முப்பத்து நான்கு வயது, கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் சோகக்கதை எதுவும் கிடையாது. ஆகவில்லை, அவ்வளவுதான். தம்பி எனக்கு எட்டு வயது இளையவன், தி.நகரில் ஒரு டி.வி. ரிப்பேர் கடையில் வேலை பார்த்தான். வாயைத் திறந்தால் கேலி. சாயங்காலம் வாசலில் அவன் செருப்புச் சத்தம் கேட்டால்தான் எனக்கு அந்த வீட்டில் மூச்சு ஒழுங்காக வரும். இதை அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அதையும் கேலி செய்திருப்பான்.

உலகத்தில் உள்ள எல்லாக் கடலையும் குச்சியால் தொட்டுக் காட்டுகிறவள் நான். ஒரு குடம் கடல்தண்ணீரை எங்கே வாங்குவது என்று கேட்டால் விழிப்பேன். தம்பிதான் ஆளைப் பிடித்தான். சாந்தோம் குப்பத்தில் கட்டுமரத்தில் போகிற ஒரு மீனவர், இரண்டு கேன்களில் அலை தாண்டிப் போய்த் தண்ணீர் மொண்டு, சைக்கிளில் கட்டி வீட்டுக்கே கொண்டுவருவார்.

"கரைத் தண்ணி வாணாம் நைனா, கலீஜா கீது. உள்ளாற போய் மொண்டாந்தேன்" என்பார். "ஆமா, ஊரே கடல்ல கீற மீனை வெளிய இஸ்துகினு வருது. நீ இன்னாத்துக்கு கடலையே வூட்டுக்குள்ள இட்டாற?"

தம்பி பல்லைக் காட்டுவான். பதில் எனக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் சுவரில் பூத்த உப்பு, ப்ளக்கில் பூத்த உப்பு, என் மூக்குக்கண்ணாடியில்கூட உப்பு. காற்றுக் குமிழி விடுகிற மோட்டார் ராப்பகலாக முனகும். முதல் மாதம் எரிச்சலாக இருந்தது. அப்புறம் அந்த முனகல் நின்றால்தான் தூக்கம் கலையும் என்று ஆகிவிட்டது.

அந்த இரண்டு மீனில் ஒன்று கிடுகிடுவென்று வளர்ந்தது, மற்றது சிறியதாகவே நின்றுவிட்டது. பெரியது சிறியதை விரட்டும். தீனி போட்டால் முதல் வாய் அதற்குத்தான். சிறியது உடம்பை நடுக்கிக்கொண்டு ஓரமாக நிற்கும். அம்மா ஒரே பார்வையில் முடிவு செய்துவிட்டாள்: பெரியது மாப்பிள்ளை, சிறியது பொண்ணு. "உங்கப்பா இப்படித்தாண்டி, தட்டை முதல்ல இழுத்துக்குவாரு" என்று சொல்லிக்கொண்டே சிறியதற்குத் தனியாகக் கொஞ்சம் தீனி போடுவாள். மாப்பிள்ளையைத் திட்டித் தீர்ப்பாள். ஒன்றரை வருஷம் இப்படியே ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, ஹாலிலிருந்து தம்பி கத்தினான்.

"அக்கா! மாப்பிள்ளை முட்டை போடுது!"

அம்மா தலையில் போட்ட முக்காட்டோடு ஓடிவந்தாள். தொட்டிக்குள் சாய்த்து வைத்திருந்த ஓட்டுத் துண்டின்மேல் பெரிய மீன் வயிற்றை உரசிக்கொண்டு நகர, அதன் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் வரிசையாக முட்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. பொண்ணு என்று நாங்கள் கொஞ்சிய சின்னது, பின்னாலேயே போய் அவற்றுக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தது.

"சேசு மரி சூசை!" என்றாள் அம்மா.

மீன் படிப்பு படித்த ஒரு சிநேகிதன் தம்பிக்கு இருந்தான். அவனிடம் கேட்டுவந்து தம்பி விளக்கினான். இந்த ஜாதி மீனில் எல்லாமே ஆணாகத்தான் பிறக்குமாம். ஜோடியில் பெரிதாக வளர்வது பெண்ணாகிவிடுமாம். அது செத்துப்போனால் சின்னது வளர்ந்து அந்த இடத்துக்கு வந்து பெண்ணாகிவிடுமாம். முட்டையைக் காவல் காப்பது, விசிறிவிடுவது எல்லாம் ஆண்தானாம். அம்மா தொட்டியருகே போய்க் குனிந்து பெரியதைப் பார்த்தாள். "அப்ப நான் இத்தனை நாளா யாரைடா திட்டிக்கிட்டிருந்தேன்?" என்றாள்.

நாங்கள் சிரித்தோம். ஆனால் எனக்கும் உள்ளுக்குள் ஆட்டம் கண்டுவிட்டது. ஒன்றரை வருஷம் தினமும் கண்ணால் பார்த்த ஒன்றையே இப்படித் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறோம் என்றால், மற்றதை எல்லாம் என்ன லட்சணத்தில் புரிந்துகொண்டிருப்போம்?

அந்த மாதம்தான் மாமாவின் கடிதம் வந்தது. மாமா, அம்மாவின் தம்பி, வளைகுடாவில் இருந்தார். ஏ.சி. ரிப்பேர் பார்க்கும் கம்பெனியில் தம்பிக்கு வேலை சொல்லியாயிற்று, விசா சீக்கிரம் வந்துவிடும் என்று எழுதியிருந்தார். அம்மா அன்றைக்கே மாதாவுக்கு ஒன்பது நாள் நவநாள் ஜெபம் ஆரம்பித்தாள். தம்பி கடிதத்தை மடித்து டி.வி.மேல் வைத்தான். சந்தோஷமா, வருத்தமா, ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம் தொட்டிமுன் உட்கார்ந்து முட்டைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"இதைப் பொரிய வெச்சு ஒரு குஞ்சையாவது ஆளாக்கிட்டேன்னு வையி, நான் எதுக்குக்கா போறேன்? இந்த ஊர்ல வீட்டுல யாரும் பண்ணதில்லையாம். இதையே தொழிலா வெச்சுக்கிட்டு இங்கயே கெடப்பேன்."

விளையாட்டாகச் சொல்கிறானா நிஜமாகவா என்று அவன் முகத்தைப் பார்த்தேன். தண்ணீர் வெளிச்சம் ஆடுகிற முகத்தில் எதைக் கண்டுபிடிப்பது? ஆனாலும் நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஒரே ஒரு குஞ்சு பிழைத்தால் போதும், தம்பி போகமாட்டான். அம்மா அவன் போக வேண்டும் என்று ஜெபமாலை உருட்டினாள். நான் முட்டை பொரிய வேண்டும் என்று உருட்டினேன். இரண்டும் ஒரே மாதாவுக்குத்தான் போய்ச் சேர்ந்தன. அவளுக்கும் குழப்பமாகத்தான் இருந்திருக்கும்.

முதல் தடவை போட்ட முட்டைகளை மூன்றாம் நாள் பெற்றோரே தின்றுவிட்டார்கள். இரண்டாம் தடவை, தின்றுவிடாமல் இருக்கட்டும் என்று தம்பி அந்த ஓட்டுத் துண்டை எடுத்து ஒரு பக்கெட்டில் வைத்துக் குமிழி விட்டான். தகப்பன் விசிறிவிடாத முட்டை எல்லாம் வெள்ளைப் பஞ்சாகப் பூசணம் பிடித்தது. மூன்றாம் தடவை ஓட்டுத் துண்டைத் தொடவே இல்லை. ஏழாம் நாள் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரு ஜோடிக் கண், வெள்ளி ஜிகினா மாதிரி, எங்களையே பார்த்தது. எட்டாம் நாள் பொரிய வேண்டும். சாயங்காலத்திலிருந்து மூன்று பேரும் ட்யூப்லைட்டைப் போட்டுக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தொட்டிமுன் உட்கார்ந்து வைத்த கண் வாங்காமல் பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் பாதி முட்டை உள்ளேயே செத்திருந்தது. மீதியைப் பெரியது மென்றுகொண்டிருந்தது.

"லைட்டை அணைச்சீங்களா?" என்று சிநேகிதன் கேட்டானாம். இருட்டினால்தான் பொரியுமாம். பொழுது சாய்ந்து கும்மிருட்டானதும் ஒரு மணி நேரத்துக்குள் வெளியே வந்துவிடுமாம். வெளிச்சம் இருந்தால் உள்ளேயே கிடந்து சாகுமாம். அட கஷ்டகாலமே! பொரிகிறதைப் பார்க்க வேண்டும் என்று விளக்கைப் போட்டு நாங்களே கொன்றிருக்கிறோம்.

நான்காம் தடவை போட்டது அக்டோபரில். விசா வந்துவிட்டது, டிக்கெட்டும் வந்துவிட்டது. தம்பி டிக்கெட்டைத் தொடவில்லை, நானும் கேட்கவில்லை. இந்தத் தடவை எல்லாம் ஒழுங்காகப் போனது. மொட்டைமாடியில் பக்கெட்டுகளில் பச்சைத் தண்ணீர் தயாராக இருந்தது. அடையாறு முகத்துவாரத்தில் தண்ணீர் அள்ளி, அம்மாவின் பழைய நைலான் புடவையில் வடிகட்டி, கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளை அதில் வளர்த்திருந்தான். குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் அதுதான் தாய்ப்பாலாம். ஏழாம் நாள் கண் தெரிந்தது. எட்டாம் நாள் என்றைக்கு என்று காலண்டரைப் பார்த்தேன். மறுபடியும் எண்ணிப் பார்த்தேன், அதே நாள்தான்.

அக்டோபர் எங்களுக்கு ஜெபமாலை மாதம். மாதா சுரூபம், சின்னச் சிலைதான், வீடு வீடாக வரும். ஒவ்வொரு வீட்டிலும் ஒருநாள் தங்கும். சாயங்காலம் தெருவே கூடிவந்து ஜெபமாலை சொல்லி, பாட்டுப் பாடி, சுண்டல் வாங்கிக்கொண்டு போகும். மறுநாள் சாயங்காலம் அடுத்த வீட்டுக்குத் தூக்கிப்போகிறவரை மாதா முன்னால் விளக்கு அணையக்கூடாது. எங்கள் முறை எட்டாம் நாள்தான்.

"வேற நாளைக்கு மாத்திக்கலாமேம்மா" என்றேன்.

"கோவில்ல பேர் வாசிச்சாச்சு. மாதாவை வாசல்ல நிக்க வெச்சு, 'மீனு முட்டை போட்டிருக்கு, அப்புறமா வாங்க'ன்னு சொல்லவா?"

தம்பி தொட்டியைச் சுற்றிக் கறுப்புத் துணி போர்த்தினான். அம்மா வந்து அதை உருவி எறிந்தாள். "மாதா பக்கத்துல கறுப்புத் துணியா? இது என்ன எழவு வீடா?" அவள் பெட்டியிலிருந்து வெள்ளைப் படுக்கைவிரிப்பை எடுத்துத் தொட்டியின்மேல் போட்டாள். வீட்டில் இருந்த ஒரே மேஜை தொட்டியை ஒட்டித்தான் கிடந்தது. அதில் மாதாவை வைத்து, சுற்றிலும் சீரியல் பல்பு கட்டி, இரண்டு பக்கமும் மெழுகுவத்தி ஏற்றியாயிற்று. வெள்ளை விரிப்பு வழியாகச் சிவப்பும் பச்சையும் தொட்டிக்குள் இறங்கி விட்டுவிட்டு மின்னின. தம்பி அதைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "விடுக்கா" என்றான். அவ்வளவு சின்னக் குரலில் அவன் பேசி நான் கேட்டதில்லை.

ஆறரைக்கு ஜெபமாலை. ஹால், வாசல்படி, நடை எல்லாம் ஜனம். வெளியே மழை. ஜெபமாலையின் ஐந்து தேவரகசியத்துக்கும் நான் வாயை மட்டும் அசைத்தேன். மனசு முழுக்க விரிப்புக்குள். எட்டு மணிக்கு எல்லோரும் சுண்டலோடு கிளம்பினார்கள். தம்பி, பச்சைத் தண்ணீர் பக்கெட்டுகளில் மழைநீர் விழாமல் மூட மாடிக்குப் போனான். எதிர்வீட்டு அம்மா காய்ச்சல் என்று வராததால், அம்மா ஒரு தூக்கில் சுண்டலை எடுத்துக்கொண்டு, குடையை விரித்தாள். "விளக்கைப் பாத்துக்கடி" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

பார்த்துக்கொண்டேன். ஒரு நிமிஷம் இருக்கும். அப்புறம் முக்காலியை நடைக்கு எடுத்துப்போய், அதன்மேல் ஏறி, மீட்டர் பெட்டியிலிருந்து பீங்கான் ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். வீடு இருண்டது. மோட்டார் முனகல் நின்றது. ஹாலுக்கு வந்தால் மெழுகுவத்திகள் இரண்டும் நின்று எரிகின்றன. கரண்ட் போனதற்காவது மழையைக் காட்டலாம். இதற்கு யாரைக் காட்டுவது? மாதா முகத்தைப் பார்க்காமல், பக்கவாட்டில் குனிந்து, ஃபூ என்று ஊதினேன். இரண்டையும் ஊதினேன். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மழை வலுத்ததால் அம்மா எதிர்வீட்டிலேயே மாட்டிக்கொண்டாள், தம்பியும் மாடியில் பக்கெட்டுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. முக்கால் மணி நேரம் இருக்கும். கடைசியில் வாசலில் குடையை உதறும் சத்தம்.

"கரண்ட் போச்சாடி? எதிர்வீட்ல இருக்கே!"

"ஒரு ஃபேஸ் போயிருக்கும்மா."

"மெழுகுவத்தி?"

"காத்துல அணைஞ்சுடுச்சு."

"ஐயையோ, மாதா இருட்டுல இருக்காளே! தீப்பெட்டி எங்கடி? தீப்பெட்டி!"

"தேடிக்கிட்டுதான் இருக்கேன்ம்மா" என்றேன். தீப்பெட்டி என் உள்ளங்கையில் இருந்தது.

அதற்குள் மாடியிலிருந்து தம்பி சொட்டச் சொட்ட ஓடிவந்தான். "மோட்டார் நின்னுபோச்சா? எவ்ளோ நேரமாச்சு?" என்று கத்திக்கொண்டே விரிப்பை இழுத்துவிட்டு டார்ச்சை அடித்தான். வெளிச்சம் பட்ட இடத்தில் தண்ணீர் முழுக்க ஏதோ துடித்தது. கண்ணாடித் துகள் மாதிரி, ஆனால் ஒவ்வொரு துகளுக்கும் கண் இருந்தது. நூறா, இருநூறா, எல்லாம் டார்ச்சை நோக்கி மொய்த்து வந்தன.

"பொரிஞ்சுடுச்சு" என்றான். என் தோளைப் பிடித்து உலுக்கினான். "அக்கா! பொரிஞ்சுடுச்சுக்கா!"

அவன் பக்கெட்டும் குவளையுமாகக் குஞ்சுகளை அள்ளிக்கொண்டிருந்தபோது நான் நடைக்குப் போய்க் கட்டையைச் செருகினேன். சீரியல் பல்பு எரிந்தது. அம்மா மாதா முன்னால் அப்படியே மண்டியிட்டாள். "பாத்தியாடி? வேணும்ங்கிற நேரத்துல விளக்கை எடுத்தா, முடிஞ்ச கையோட குடுத்துட்டா. அதிசயம்டி இது, மாதாவோட புதுமை!"

மறுநாள் மாதாவை அடுத்த வீட்டுக்குத் தூக்கிப்போனபோது அம்மா தெருவுக்கே சாட்சி சொன்னாள். நான் முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு இரண்டாம் வரிசையில் நின்றேன். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன்.

"மாதா முன்னால எரிஞ்ச விளக்கை அணைச்சுட்டேன் சாமி."

"தவறுதலாவா?"

"இல்ல சாமி, வேணும்னுதான்."

"எதுக்கும்மா?"

"மீன் முட்டை பொரியறதுக்கு."

கம்பிவலைக்கு அந்தப் பக்கம் சாமியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பிறகு, பத்து அருள்நிறைந்த மந்திரம் சொல்லும்படியும், நேரத்துக்குத் தூங்கும்படியும் சொன்னார். தம்பி போகக்கூடாது என்பதற்காகச் செய்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. அது பாவமா என்று தெரியாததால் சொல்லவில்லையா, தெரிந்ததால் சொல்லவில்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவாகவில்லை.

குஞ்சுகளுக்குத் தனியாக ஒரு பெரிய பிளாஸ்டிக் பேசின். நான்காம் நாள் பாதி செத்திருந்தது. இருந்தவற்றின் வயிற்றில் கடுகுக்குக் கால்வாசியாய் ஒரு பச்சைப் பொட்டு தெரிந்தது. "சாப்பிடுதுக்கா, பார், சாப்பிடுது!" என்று தம்பி குதித்தான். இத்தனை வருஷத்தில் அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்ததில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மாதா மன்னித்துவிட்டாள் என்றும் நினைத்தேன்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு, டி.வி.மேல் இருந்த டிக்கெட்டை எடுத்துத் தேதியைப் பார்த்தான்.

"இனிமே நிம்மதியாப் போவேன்க்கா."

"எங்கடா?"

"எங்கன்னா? வேலைக்குத்தான்."

"டேய், நீதானடா சொன்னே, ஒரு குஞ்சு பொழைச்சா போகமாட்டேன்னு?"

"சொன்னேன்" என்று தலையைச் சொறிந்தான். "அப்ப ஒண்ணுமே உருப்படியா பண்ணாம, தோத்துட்டு ஓடற மாதிரி இருந்தது. இப்ப அப்படி இல்லக்கா. ஒண்ணு பண்ணிட்டேன். எங்க வேணா போவேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த பேசினைத் தூக்கி வாசலில் கொட்டியிருப்பேன். "நல்லா இருடா, நல்லா இரு" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய் வெங்காயம் நறுக்கினேன். வெங்காயத்தின்மேல் பழியைப் போட்டு அழுதேன். ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்காமல் இருந்திருந்தால் அவன் தோற்றிருப்பான். தோற்றிருந்தால் இன்னொரு தடவை பார்க்கலாம் என்று இருந்திருப்பானோ? அவனைப் பிடித்துவைக்க நான் செய்த காரியமே கதவைத் திறந்துவிட்டதோ? வெங்காயம் தீர்ந்தது, கேள்வி தீரவில்லை.

குஞ்சு பொரிந்த பன்னிரண்டாம் நாள் கிளம்பினான். மீனம்பாக்கத்தில் அம்மா ஜெபமாலையை அவன் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். அவன் என்னிடம், "பேசின்ல அடியில இருக்கற அழுக்கை தினம் டியூப்ல உறிஞ்சி எடுக்கணும், மறந்துடாத. இன்னும் ரெண்டு நாள்ல பட்டை விழும் பாரு" என்றான். போகாதே என்று நான் சொல்லவில்லை. "சரி, காலையிலயா, சாயங்காலமா?" என்று கேட்டேன்.

அவன் போன பிறகு குஞ்சுகள் எல்லாம் என் தலையில். பூகோள டீச்சர், விடிந்ததும் வாயில் டியூபை வைத்து உப்புத்தண்ணீர் உறிஞ்சுகிறேன். பட்டை விழுந்தது. நெற்றிக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கோடு, முடி கனம். மழை விடாமல் கொட்டியதால் மேல்கடலில் உப்புக் குறைந்துபோயிற்று. குப்பத்து மீனவர், "நல்லா ஆயத்துல, அடியில கேனை வுட்டு மொண்டாந்தேன் டீச்சரம்மா, இதான் கெடைக்கிது" என்று கைவிரித்தார். பட்டை விழுந்தபோது இருந்த இருபதில் பத்து போயிற்று, அப்புறம் ஐந்து, கடைசியில் மூன்று நின்றது. மூன்று பேரும் சரியான ரௌடிகள். நான் போகும்போதெல்லாம் மேலே வந்து வாயைத் திறப்பார்கள். அம்மாவே ஒருநாள், "உன்னைத் தெரியுதுடி அதுங்களுக்கு" என்றாள்.

எங்கள் வீட்டில் போன் கிடையாது. போய் மூன்றாவது வெள்ளிக்கிழமை தம்பி எதிர்வீட்டு போனுக்குக் கூப்பிட்டான். அம்மா முதலில் பேசி, அழுது, சாப்பாட்டைப் பற்றி விசாரித்து, ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அவன் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. கேலி இல்லை.

"எத்தனைக்கா இருக்கு?"

நான் முன்கூட்டி யோசித்து வைக்கவில்லை. சத்தியமாக இல்லை. ஆனால் அவன் குரலில் ஏக்கம் கேட்ட அந்த நொடியில் புத்தி குறுக்கே ஓடியது. ஜெயித்ததால்தானே போனான்? தோற்றுவிட்டான் என்று தெரிந்தால் விட்டதைப் பிடிக்கத் திரும்பி வருவான்.

"ஒண்ணும் இல்லடா" என்றேன். "எல்லாம் போச்சு."

இரைச்சலுக்கு நடுவே அவன் கேட்டான்:

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல."

"சரி விடுக்கா" என்றான். "ஒரு வகையில நல்லதாப் போச்சு. இங்க சுத்தமா இருப்பே கொள்ளல. ரூம்ல பதினோரு பேரு. அதுங்க நெனப்புதான். கிறிஸ்துமசுக்கு எதையாவது சொல்லிட்டு வந்து, குஞ்சுங்களைப் பாத்துட்டு, அப்படியே திரும்பாம இருந்துடலாம்னுதான் இருந்தேன். இன்னிக்கு அதைச் சொல்லத்தான் போன் பண்ணேன். இப்ப எதுக்கு வரணும்? மூணு வருஷ கான்ட்ராக்ட் கேக்கறாங்க, நாளைக்குக் கையெழுத்துப் போட்டுடறேன்."

"டேய்!" எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப்பார்க்கும்படி கத்தினேன். "இருக்குடா, மூணு இருக்கு! பட்டை விழுந்து, தீனிக்குச் சண்டை போட்டுக்கிட்டு, நல்லா இருக்குடா! நான் பொய் சொன்னேன், வாடா நீ!"

அவன் சிரித்தான். ரொம்ப நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தான்.

"எனக்காகச் சொல்லாதக்கா" என்றான். "உனக்குப் பொய் சொல்ல வராது." போனை வைத்துவிட்டான்.